நான் போட்ட ஐந்தாவது முடிச்சு

ஒரு தாய் தன் மகனுக்கு அனுப்பிய கடிதத்தை நான் திருத்தியிருக்கிறேன். பேனா எடுக்கவில்லை, ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆனாலும் அந்தத் திருத்தத்தால் ஒரு பையனின் படிப்பே மண்ணாய்ப் போக இருந்தது. போன மாதம் எங்கள் டெப்போவில் புதிதாகச் சேர்ந்த கண்டக்டர்கள் நாலு பேர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, “சர்வீஸ்ல நீங்க பண்ண பெரிய தப்பு இன்னா சார்?” என்று கேட்டார்கள். விட்டுப்போன டிக்கெட், தவறவிட்ட பை என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் முடிச்சுக் கதையைச் சொன்னேன். நாலு பேர் டீயும் ஆறிப்போனது. “இத எழுதுங்க சார்” என்று அவர்களே நோட்டு ஒன்று வாங்கிக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். இதோ, எழுதுகிறேன்.

என் பெயர் பூங்காவனம். சொந்த ஊர் நைனார்பாளையம். லைசென்ஸ், பயிற்சி, முதல் விசில், முதல் மெமோ எல்லாம் ஆறே மாதத்தில் முடிந்தன. கொஞ்ச காலம் திருநாவலூர் பக்கம் சமவெளியில் ஓடினேன். அப்புறம் என்னை மலை ரூட்டில் போட்டார்கள். பதவி உயர்வு என்று நினைத்துவிட வேண்டாம், தண்டனைதான். கண்டக்டருக்கு வாய் ஜாஸ்தி என்று பயணி ஒருவர் புகார் எழுதியிருந்தார். புகார் உண்மைதான், அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் எடுத்தால் கச்சிராயபாளையம், அப்புறம் மலை ஏற்றம், கரியாலூர், வெள்ளிமலை. எட்டரைக்குள் மேலே போய் ஒன்பதுக்கு இறங்குவோம். மத்தியானம் மறுபடி ஒரு முறை. மலையில் போன் என்பது அப்போது வெள்ளிமலைத் தபால் ஆபீசில் மட்டும்தான். அதுவும் பேசினால் பேசும், இல்லாவிட்டால் கொர் என்று இரைந்துகொண்டிருக்கும்.

மலைப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கிப் படித்தார்கள். வீட்டிலிருந்து அவர்களுக்குக் கடிதம் தபாலில் போட்டால் சேர மூன்று நாள் நாலு நாள் ஆகும். என் பஸ்ஸில் போட்டால் இரண்டு மணி நேரம். அதனால் மலைவாசிகளுக்கு நான்தான் தபால்காரன். பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த நோட்டுத்தாள்கள் நாலாக மடிந்து என் இடது சட்டைப் பையில் ஏறிக்கொள்ளும். எல்லாமே “இங்கு யாவரும் நலம்” என்று தொடங்கும், அடுத்த வரியிலேயே நலமில்லாத சமாச்சாரம் வந்துவிடும். சாமையில் பன்றி புகுந்தது, பசு கன்று போட்டுக் கன்று நிற்கவில்லை, தங்கச்சிக்குச் சொறி. பையன்கள் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துப் படிப்பார்கள். எவனாவது கண்ணைக் கசக்கினால் நான் விடமாட்டேன். “கன்னு போனா இன்னாடா, பசு கீதுல்ல? போய்ப் படி” என்று விரட்டுவேன்.

வாத்தியார் கிடைக்காதவர்கள் வாயாலேயே சொல்லி அனுப்புவார்கள். அங்கேதான் வம்பு. நாற்பது பேருக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டு நாலு வீட்டுச் சேதியை எப்படி நினைவில் வைப்பது? வெள்ளச்சி என்று ஒரு அம்மாள், இச்சிமரத்து நிறுத்தத்தில் ஏறுவார். புருஷன் இல்லை. ஒரே மகன் அண்ணாமலை, கள்ளக்குறிச்சியில் பிளஸ் டூ. “புதன்கிழமை வர்றன்னு சொல்லு” என்று அவர் ஒருமுறை சொன்னதை நான் வியாழன் என்று சொல்லித் தொலைத்தேன். பையன் புதன்கிழமை விளையாட்டுப் போட்டிக்கு வெளியூர் போய்விட்டான். அந்த அம்மாள் ஒரு நாள் முழுக்க ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். அன்றோடு என் வாய்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

இனி எங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஜெயராமுலு சாரைச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். பஸ்ஸில் ஏறியதும் முதல் காரியமாகக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் எங்களுக்கு வியர்க்க ஆரம்பிக்கும். அப்புறம் கையை நீட்டுவார். வேபில்லைக் கொடுக்க வேண்டும். எந்த நிறுத்தத்தில் எந்த எண்ணிலிருந்து டிக்கெட் தொடங்கியது என்று நான் எழுதியிருப்பதைப் பார்ப்பார், கையிலிருக்கும் கட்டின் மேல் டிக்கெட்டைப் பார்ப்பார், பிறகு முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை தலைகளை எண்ணுவார். மடியில் இருக்கும் குழந்தையின் வயதைத் தாயிடம் கேட்கமாட்டார், குழந்தையிடமே கேட்பார். “ரூல் இன்னா சொல்லுது?” என்பதுதான் அவர் அதிகம் பேசிய வாக்கியம். மெமோ கொடுக்கும்போதுகூட “உக்காருப்பா” என்று உட்காரவைத்துத்தான் கொடுப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, இறங்கும் வண்டியில், இச்சிமரத்து நிறுத்தத்தில் வெள்ளச்சி அம்மாள் ஒரு துணி மூட்டையோடு நின்றார். கற்றாழை நாரால் திரித்த கயிறு, மூட்டையின் வாயைக் கட்டிவிட்டு முடிச்சும் கிடிச்சுமாக ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது.

“எம் புள்ளைக்கு. அவுக்காத, அப்பிடியே குடு.”

“கடுதாசி இல்லியாம்மா?”

“வாத்தியாரு தங்கச்சி கண்ணாலத்துக்கு ஊருக்குப் பூட்டாரு.”

“அப்ப வாயால சொல்லும்மா, நான் சொல்லிடறன்.”

“நீ ஒண்ணும் சொல்ல வாணாம் சாமி. உன் வாய மூடிக்கினு குட்தா போதும்.”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு ரோஷம். மூட்டையை டிரைவர் மாசிலாமணிக்குப் பின்னால் வைத்துவிட்டு விசில் கொடுத்தேன்.

அடிவாரத்தில் ஜெயராமுலு சார் ஏறினார். கண்ணாடி துடைத்தார். வேபில் சரி, கட்டு சரி, தலைகள் சரி. கடைசியாக மூட்டையைப் பார்த்தார்.

“இது யாருது?”

“ஹாஸ்டல் பையனுக்கு சார். அவங்க அம்மா குட்தாங்க.”

“அம்மா வண்டில கீறாங்களா?”

“இல்ல சார்.”

“ஆள் இல்லாத மூட்டை. ரூல் இன்னா சொல்லுது?”

பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுகிறது. பிரித்தேன். கயிறு இறுகியிருந்தது, இழுத்த இழுப்பில் மூட்டை வாய்க்குப் பக்கத்திலேயே அறுந்துவிட்டது. உள்ளே ஒரு பாட்டில் தேனும் சாமை மாவு உருண்டைகளும் வாழை இலையில் பலாச்சுளையும் இருந்தன. சார் தலையாட்டினார். அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். பழையபடி மூட்டையைக் கட்டினேன். என்னை உட்காரவைத்து ஒரு மெமோவும் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு மத்தியான இடைவேளையில் அண்ணாமலை வந்தான். வழக்கமாக மூட்டையை மோந்து பார்ப்பவன், அன்றைக்குக் கயிற்றைத்தான் முதலில் பிடித்தான். விரலால் தடவிப் பார்த்தான்.

“அஞ்சாண்ணே?” என்றான்.

“இன்னா அஞ்சு?”

“ஒண்ணுமில்லண்ணே” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஏறும் வண்டி. கச்சிராயபாளையத்தில் ஜெயராமுலு சார் ஏறிக்கொண்டார். இரண்டாவது வளைவிலேயே பின் டயர் பஞ்சர். மாசிலாமணியும் நானும் ஸ்டெப்னியை மாட்டினோம். இச்சிமரத்துக்குப் போகும்போது எட்டரை ஆகிவிட்டது.

வெள்ளச்சி அம்மாள் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு எண்ணெய் தடவி, வெளுத்த புடவை கட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் படிக்கட்டில் நின்றுவிட்டார்.

“எம் புள்ள எங்க?”

“வர்லியேம்மா. வரச் சொல்லி இருந்திங்களா?”

“இன்னிக்குத்தான ஆபீசரம்மா வர்றாங்க! வெள்ளிமலைல சாதிச் சான்றுக்கு விசாரணை. புள்ள நேர்ல நின்னாத்தான் எழுதுவாங்களாம். தலையாரி ஞாயித்துக்கெழம வந்து சொன்னாரு. நாலு முடிச்சு போட்டு அனுப்சனே!”

பழங்குடி என்ற சான்று கையில் இருந்தால்தான் மேல்படிப்புக்கு அண்ணாமலை விண்ணப்பம் போட முடியும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்த மாதத்திலேயே. அதிகாரி மறுபடி எப்போது மலை ஏறுவார் என்பது யாருக்கும் தெரியாது. இது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவர் மூச்சு வாங்கிச் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது. முடிச்சு மட்டும் விளங்கவில்லை.

“இன்னா முடிச்சும்மா?”

“நாள் முடிச்சு. மறுநாள் காலைலேர்ந்து தெனம் ஒண்ணு அவுக்கணும். கடைசி முடிச்ச என்னிக்கு அவுக்கறானோ அன்னிக்கு இங்க இருக்கணும். எங்க அப்பன் காலத்துலேர்ந்து இப்பிடித்தான். வாய் மாறும், முடிச்சு மாறாது.”

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு. அண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் “அஞ்சாண்ணே?” என்று கேட்டது அப்போதுதான் என் காதில் விழுந்தது. மாறாத முடிச்சை மாற்றிய மகாராசன் நான்தான்!

“அம்மா, அந்த அஞ்சாவது முடிச்சு நான் போட்டது” என்றேன். கயிறு அறுந்ததைச் சொன்னேன். அவர் மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வண்டி இறங்கி, கள்ளக்குறிச்சி போய், அடுத்த டிரிப்பில் பையனைக் கூட்டி வந்தால் மூன்று மணி ஆகும். விசாரணை பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். நான் நடு வண்டியில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்போது முன்பக்கம் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது தெரிந்தது.

“பூங்காவனம், அன்னிக்கு அந்தக் கயித்த அவுக்கச் சொன்னது நான்தான?”

“ஆமா சார்.”

ஜெயராமுலு சார் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

“மாசிலாமணி, ஸ்டெப்னி இன்னா நெலைமை?”

“அதான் பஞ்சரான டயர் சார் பின்னால கீது. கீழ போய் ஒட்டிக்கலாம்.”

“மலைப் பாதைல ஸ்டெப்னி இல்லாத வண்டி எறங்கலாமா? ரூல் இன்னா சொல்லுது?”

“எப்பவும் எறங்கிக்கினுதான சார்…”

“ரூல் கேட்டேன்.”

“எறங்கக் கூடாது சார்.”

“அப்ப வண்டி வெள்ளிமலையில நிக்குது. டெப்போவுக்குப் போன் பண்ணி ஸ்டெப்னி கேக்கறேன். வேன்ல கொண்டாருவாங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “வேன்ல டிரைவர் பக்கத்துல ஒரு சீட்டு காலியாத்தான் வரும்.”

எனக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கக் கை பரபரத்தது. அத்தனை மெமோ வாங்கிய கை அது!

வெள்ளிமலைத் தபால் ஆபீசில் அந்தக் கறுப்புப் போனைச் சுற்றி நாங்கள் நின்றோம். சார் போனில்கூடக் குரலை உயர்த்தவில்லை. அவர் சொல்வதை எதிர்முனைக்காரர் கேட்டாரா என்பதே சந்தேகம். “ஸ்டெப்னி… ஆமா, உடனே… இன்னொண்ணு, ஹாஸ்டல்ல அண்ணாமலைனு ஒரு பையன்…” என்பதற்குள் லைன் அறுந்தது. பத்து முறை சுழற்றினார். கொர் என்ற இரைச்சல்தான். டயர் வரும், அது நிச்சயம். பையன் வருவானா?

மலையிலிருந்து கீழே போக ஏறி உட்கார்ந்திருந்த பயணிகளிடம் நான் போய் நடந்ததை அப்படியே சொன்னேன், என் முட்டாள்தனம் உட்பட. ஒருவர் மட்டும், “எனக்குக் கோர்ட்டுல வாய்தா கீதுப்பா” என்று எழுந்தார். பக்கத்தில் இருந்த கிழவர், “நீ ஏழு வருசமா வாய்தாவுக்குப் போய்க்கினுதான் கீற. இன்னிக்கு ஒருநாள் கோர்ட்டு உனக்காவக் காத்திருக்கட்டும்” என்றார். வாய்தாக்காரரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் விசாரணை தொடங்கியது. அதிகாரி இளவயது அம்மையார். மேசையில் கோப்புகள். பழங்குடி வழக்கங்கள் தெரிகிறதா என்று ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். என்ன விதைப்பீர்கள், எந்தச் சாமிக்குப் பொங்கல் வைப்பீர்கள், பெண் கேட்டுப் போகும்போது முதலில் யார் வீட்டுக்குள் நுழைவார். தாயிடம் கேட்டதை மகனிடம் தனியாகக் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு காதை உள்ளேயும் ஒரு காதை மலைப் பாதையிலும் வைத்திருந்தேன்.

“அண்ணாமலை!”

“வந்துக்கினு கீறாம்மா” என்றார் வெள்ளச்சி.

“எங்கே?”

“வேன்ல… டயரு கூட…”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “சரி, கடைசியில் கூப்பிடுகிறேன்” என்று கோப்பை அடியில் வைத்தார்.

மற்றக் கோப்புகள் ஒவ்வொன்றாகத் தீரத் தீர, அடியில் வைத்தது மேலே வந்துகொண்டே இருந்தது. அது மட்டும் மிஞ்சியபோது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். “அடுத்த ஊருக்குப் போக வேண்டும்” என்று அதிகாரி பேனாவை மூடினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கழுத்தில் விசிலோடு உள்ளே புகுந்தேன்.

“நீங்கள் யார்? உறவா?”

“இல்லம்மா, கண்டக்டர்.”

“கண்டக்டருக்கு இங்கே என்ன வேலை?”

“முடிச்சு போட்ட வேலைம்மா. இவங்க எழுதின கடுதாசில நான் ஒரு நாளச் சேத்துட்டன்.”

கடுதாசி எங்கே என்று கேட்டார். கயிறு என்றேன். கயிறு எங்கே என்றார். பையனிடம் என்றேன். பையன் எங்கே என்றார். நான் வாயைத் திறந்தேன், ஹாரன் சத்தம் கேட்டது. என் வாயிலிருந்தே வந்தது போல இருந்தது! மொத்த பஸ்ஸும் ‘ஓ’ என்று கத்தியது. டயர் மையெல்லாம் சட்டையில் அப்பிக்கொண்டு அண்ணாமலை ஓடி வந்தான். அறுந்த லைனில் ஹாஸ்டலும் அவன் பெயரும் மட்டும் டெப்போவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன; வேன்காரர் ஹாஸ்டலில் கேட்டு ஏற்றிவந்துவிட்டார். அது போதாதா?

“ஏன் இன்றைக்குக் காலையிலேயே வரவில்லை?” என்றார் அதிகாரி.

பையன் தன் சட்டைப் பையிலிருந்து அந்த நார்க்கயிற்றை எடுத்து மேசையில் வைத்தான். “நாளைக்குத்தாங்க வரச் சொல்லி கீது. இன்னும் ஒரு முடிச்சு பாக்கி.”

அந்த அம்மையார் கயிற்றைக் கையில் எடுத்தார். மூடிய பேனாவைத் திறந்தார். பையனை வெளியே அனுப்பிவிட்டுத் தாயிடம் கேட்டார், தாயை அனுப்பிவிட்டு மகனிடம் கேட்டார். எப்போது அவிழ்ப்பது, எந்த முனையிலிருந்து, கல்யாணத்துக்கு எப்படிப் போடுவது, சாவுக்குப் போடலாமா. சாவுக்கு முடிச்சு கிடையாது, ஆள்தான் ஓட வேண்டும் என்று இருவரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். அதிகாரி அரைப் பக்கத்துக்குமேல் எழுதினார். கையெழுத்துப் போட்டார். “கடைசித் தேதிக்குள் சான்று கையில் கிடைக்கும். நன்றாகப் படி” என்றார். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட வரவில்லை. இதைப் படித்துவிட்டு என் மனைவி சண்டைக்கு வரட்டும், பரவாயில்லை.

வெளியே மாசிலாமணி ஸ்டெப்னியை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வேபில்லைத் திறந்து, “சார், வேன்ல வந்த பையனுக்கு டிக்கெட்டு…” என்று இழுத்தேன். ஜெயராமுலு சார், “வேன்ல டிக்கெட் கிடையாது. ரூல்ல இல்ல” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வண்டி கிளம்பும் நேரம் வெள்ளச்சி அம்மாள் படிக்கட்டில் ஏறினார். கயிற்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இந்தா, உன் முடிச்சு. நீயே அவுரு.”

அவிழ்க்கப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால் பயந்து போட்ட முடிச்சு, சாமானியத்தில் இளகுமா? நகம் பெயர்ந்தது. வாய்தாக்காரர் ஒரு கை பார்த்தார், முடியவில்லை. “பல்லால இழுண்ணே” என்று அண்ணாமலை கத்தினான். பல்லால் கடித்து இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது, கயிறும் இரண்டு துண்டாகக் கையில் நின்றது.

வெள்ளச்சி அம்மாள் இரண்டு துண்டையும் தூக்கிப் பிடித்துப் பஸ் முழுக்கக் காட்டினார்.

“பாத்தியா? எம் முடிச்ச அவுத்தா சேதி வரும். உன் முடிச்ச அவுத்தா கயிறே பூடும். இனிமே அறுந்துபோனா அப்பிடியே வுட்டுடு சாமி, எம் புள்ள புரிஞ்சிக்குவான்.”

விசிலை வாயில் வைத்தேன். சிரிப்பில் ஊத வரவில்லை. மாசிலாமணி விசிலுக்குக் காத்திருக்காமலே வண்டியை எடுத்துவிட்டார்.